மருந்து தேடிக் கடல் கடப்போருக்கு



நோயை இறக்கிய அல்லாஹ் அதற்கு மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குத் தந்த ஆறுதல். ஆகவே கல்முனையிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் நம்மவர்கள் சென்னைக்கும் வேலூருக்கும் வைத்தியத்திற்காகச் செல்வது தவக்குலுக்கு மாறானதன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் பொறுப்பை அவனிடம் விடவேண்டும்.

மருத்துவமனைக் கடிதம், கடவுச்சீட்டு, நோயாளிக்கு மருத்துவ விசா, உடன் செல்லும் உறவினருக்கு உதவியாளர் விசா, பழைய பரிசோதனைத் தாள்கள் ஆகியவற்றைப் படித்த பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்குத் தெரியாத கணக்கு ஒன்று வாப்பாவின் நெஞ்சிலே இருக்கிறது. யாரிடம் வாங்கிய கடன், யார் வைத்துச் சென்ற அமானத், எந்த ஆண்டு விடுபட்ட ஜகாத்? அதை எழுதச் சொன்னால், “நல்லபடியாகத் திரும்பப் போகிறவரிடம் வஸிய்யத்தா? அபசகுனம்!” என்று வீட்டார் வாயை அடைக்கிறார்கள். எழுதியதால் மவுத்து முந்துவதுமில்லை, எழுதாததால் பிந்துவதுமில்லை. வஸிய்யத் செய்ய வேண்டிய விஷயம் உள்ள முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அது நோயாளிக்கு மட்டும் சொன்னதா? திடகாத்திரமானவருக்கும் சேர்த்துத்தான். தர்மத்திற்கென எழுதுவது சொத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டலாகாது.

ஜும்ஆவுக்குப் பின் துண்டு விரித்துச் சேர்த்த பணத்தில் செல்வோரும் உண்டு. சிகிச்சைக்கென்று தந்த காசு அது. தியாகராய நகரில் சேலை எடுக்கத் தந்ததன்று. மிஞ்சினால், சேர்த்துத் தந்தவர்களிடம் கணக்கை ஒப்படைத்து அவர்கள் சொல்கிறபடி செய்யவேண்டும்.

சிறுநீரகம் மாற்றச் செல்வோர் தரகரின் பேச்சில் மயங்கவேண்டாம். உறுப்பை விற்பதையும் வாங்குவதையும் இந்தியாவின் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. ஏழையின் உடலை விலைபேச மார்க்கமும் இடந்தரவில்லை.

இனி தொழுகை. போன இடத்தில் எத்தனை நாளானாலும் கஸ்ர் செய்யலாமென்று பலர் எண்ணுகிறார்கள். நம் ஷாஃபிஈ மத்ஹபில், போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக ஓரூரில் நான்கு நாள் தங்க நிய்யத் வைத்தால் முழுமையாகத் தொழவேண்டும். ஹனஃபிகளுக்கு அந்த எல்லை பதினைந்து நாள். பரிசோதனை முடிவு இன்று வரும், நாளை வரும், வந்ததும் புறப்படலாம் என்று காத்திருப்பவருக்கோ நம் மத்ஹபில் பதினெட்டு நாள்வரை சலுகையுண்டு. நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம். தண்ணீர் பட்டால் புண்ணுக்குக் கேடு என்று மருத்துவர் தடுத்தால் தயம்மும் இருக்கிறது.

இவற்றைப் புறப்படுமுன்பே ஊர் ஆலிமிடம் கேட்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் அறுவை என்றால், கஸ்ருடைய சலுகை நீங்காத பயணி அஸரையும் முற்படுத்தி ளுஹருடன் சேர்த்துத் தொழுதுவிட்டு, அறுவைக் கூடத்திற்குப் போகலாம்.