திருக்கோவிலூருக்குப் போய் வாருங்கள்

திருவண்ணாமலை ரமண நகரில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகளை யாத்ரீகர்களுக்கு விடுகிறேன். வருகிறவர்கள் பெரிய கோயில், 14 கிலோமீட்டர் கிரிவலம், ஆசிரமம், விரூபாட்ச குகை எல்லாம் முடித்துவிட்டு ஒரு காலையில் காபி டம்ளரோடு வந்து நிற்பார்கள். "பக்கத்துல ஒரே நாள்ல போயிட்டு வர்ற மாதிரி என்னம்மா இருக்கு?" செஞ்சிக் கோட்டை, சாத்தனூர் அணை, கால் வலு உள்ளவர்களுக்குப் பர்வதமலை. எல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் நான் முதலில் சொல்வது திருக்கோவிலூர்.

போன மார்கழியில் சென்னையிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் இதற்கு உடன்படவில்லை. "ஏம்மா, பகவான் ரமணர் இந்த ஊருக்கு வந்தப்புறம் வேற எங்கயும் போகலியே. நினைச்சாலே முக்தி தர்ற மலையடியில உட்கார்ந்துக்கிட்டு நாங்க எதுக்கு ஊர் சுத்தணும்?" என்றார்.

ஒதுக்கித் தள்ளக்கூடிய கேள்வி அல்ல இது. முக்தி பெறத் திருவாரூரில் பிறக்க வேண்டும், காசியில் இறக்க வேண்டும், சிதம்பரத்தைக் கண்ணால் காண வேண்டும். அண்ணாமலையை நினைத்தால் போதும் என்பது நம் பெரியவர்கள் வாக்கு. அப்படியானால் திருக்கோவிலூருக்கு மட்டுமல்ல, திருவண்ணாமலைக்கே யாரும் வர வேண்டியதில்லை. சென்னை வீட்டுக் கூடத்திலேயே நினைத்துக்கொண்டிருக்கலாம்.

மதுரையில், பின்னாளில் ரமணரான வேங்கடராமன் என்ற பையனுக்கும் அந்த நினைப்பு இருந்தது. உறவினர் ஒருவர் அருணாசலத்திலிருந்து, அதாவது திருவண்ணாமலையிலிருந்து, வருவதாகச் சொன்னபோதுதான் அது ரயிலேறிப் போகக்கூடிய ஓர் ஊர் என்றே அவருக்குத் தெரிந்தது. 1896 ஆகஸ்ட் 29 அன்று, பதினாறு வயதில், ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினார். விழுப்புரத்தில் இறங்கியபோது கையில் சில்லறைதான். மாம்பழப்பட்டு வரைக்கும் டிக்கெட் எடுத்தார், மிச்ச வழியை நடந்தார். சாயங்காலம் போய்ச் சேர்ந்தது அரகண்டநல்லூர். பெண்ணையாற்றின் வடகரையில், பாறை மேல் இருக்கும் அதுல்யநாதேசுவரர் கோயில். மண்டபத்தில் உட்கார்ந்தவர் ஒரு பெரிய ஒளியைக் கண்டதாக அவர் வரலாறு சொல்கிறது. கோயில் பூட்டும் நேரமாகிவிட்டது, எழுந்திரு என்றார்கள். ஆற்றுக்கு அக்கரையில், திருக்கோவிலூரின் கீழூரில் உள்ள வீரட்டானேசுவரர் கோயிலுக்குப் போய்ச் சோறு கேட்டார். கொடுக்க இல்லை என்றார்கள். அங்கிருந்த மேளக்காரர்தான் தன் பங்கைப் பையனுக்குக் கொடுக்கச் சொன்னார். அந்தச் சோற்றோடு தண்ணீருக்காக ஒரு வீட்டு வாசலில் நின்றபோது மயங்கி விழுந்தார். சிதறிக் கிடந்த பருக்கைகளைப் பொறுக்கித் தின்றார்.

இந்தப் பருக்கைகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். மண்டபத்து ஒளியைவிட அவைதான் எனக்கு அந்தப் பயணத்தின் உண்மையைச் சொல்கின்றன. மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பாடு போட்டார்கள். காதிலிருந்த சிவப்புக்கல் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அவரிடமே அடகு வைத்து, அதை மீட்கப் பாகவதர் எழுதிக் கொடுத்த முகவரிச் சீட்டை வெளியே வந்ததும் கிழித்துப் போட்டார். செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலையில் இறங்கினார். அதன்பின் மறையும்வரை, 1950 ஏப்ரல் 14 வரை, இந்த ஊரைத் தாண்டவில்லை.

பெரியவர் பின்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார். நினைப்பே போதுமென்றால் அந்தப் பையன் மதுரையிலேயே இருந்திருப்பார். நினைப்பு முற்றியதால்தான் கால் கிளம்பியது. வந்து உட்கார்ந்த பிறகும் பல வருடம் அவர் மலையைச் சுற்றி நடந்தார், கூட வந்தவர்களையும் நடக்க வைத்தார். போவதும் இருப்பதும் ஒன்றுக்கொன்று எதிர் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மலை பாதி வானத்தை அடைத்துக்கொண்டிருக்கும். மரம், பாறை, மழைக்காலத்து ஓடை என்று ஒவ்வொன்றாகத் தெரியும். முழு மலை தெரியாது. வானம் தெளிந்திருக்கும் நாளில் அரகண்டநல்லூர்ப் பாறையில் நின்று வடமேற்கே பாருங்கள், நீலமாய்ச் சின்னதாய் முழு உருவமும் நிற்கும். ஞானசம்பந்தர் இங்கிருந்துதான் அண்ணாமலையைக் கண்டு வணங்கினார் என்பார்கள். அவ்வளவு பெரியதை ஒரே பார்வையில் கும்பிட அத்தனை தூரம் தேவைப்படுகிறது.

ஆற்றைத் தாண்டினால் உலகளந்த பெருமாள் கோயில். முதலாழ்வார்களான பொய்கையாரும் பூதத்தாரும் பேயாரும் மழை இரவில் ஒதுங்கிய இடைகழி இந்த ஊரில்தான். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். நான்காவதாக யாரோ வந்து நெருக்கினார். அது யார் என்று தேடியதில்தான் மூன்று அந்தாதிகள் பிறந்தன. காஞ்சியிலும் கடல்மல்லையிலும் மயிலையிலும் அவரவர் பிறந்த ஊரிலேயே தங்கியிருந்தால் நெருக்கம் ஏது? ஊர் ஊராய்த் திரிந்தவர்கள்தான் அந்த இருட்டில் ஒன்றாய் நிற்க முடிந்தது.

இதையெல்லாம் சொன்னபோது பெரியவர் சங்கப் புலவர் கபிலரைத் துணைக்கு அழைத்தார். அதே ஆற்றின் நடுவே ஒரு பாறை, கபிலர் குன்று என்று பெயர். அங்கே வடக்கிருந்து உயிர்விட்டார் என்பது ஊர் வழக்கு. கீழூர்க் கோயிலில் உள்ள ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு, தீயில் இறங்கினார் என்கிறது. "பாருங்க, கடைசியில ஒரு இடத்துல உட்கார்ந்துட்டார்ல?" என்றார்.

உட்கார்ந்தார்தான். ஆனால் அவர் நண்பன் வள்ளல் பாரி இறந்த பிறகு, அவன் பெண்களை அழைத்துக்கொண்டு பறம்பு மலையிலிருந்து புறப்பட்டு, அவர்களுக்கு ஓர் இடம் தேடி அலைந்த பிறகு. மலையமான் குலத்தில் பெண் கொடுத்துவிட்டுத்தான் கபிலர் நெருப்பை நாடினார் என்று அந்தக் கல்வெட்டே சொல்கிறது. "பகல்ல நடை சாத்திடுவாங்க, பாறையும் சுடும். காலையிலேயே கிளம்பிடுங்க ஐயா" என்றேன்.