பல்லக்கின் அடியில்

நீச்சல் குழுவில் சேர்ந்ததும் நமக்கு முதலில் கிடைப்பது வரிசையில் ஓர் இடம். வயதைக் கேட்டு அதைக் கொடுப்பதில்லை. வேகத்தைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். ஒரே தடத்தில் ஐந்தாறு பேர், ஒருவர் பின் ஒருவராக ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்புவோம். விரைந்து நீந்துபவர் முன்னால், மெதுவாக நீந்துபவர் கடைசியில். பின்னால் வருபவரின் விரல் பாதத்தில் பட்டால், சுவரை எட்டியதும் மூலையில் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஐம்பதைத் தாண்டிக் கற்க வந்தவனுக்குக் கடைசி இடம்தான். எனக்கு முன்னால் போகும் பெண்ணுக்கு என் மகளின் வயதுகூட இராது.

கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலி, கோயில் கமிட்டியில் முதல் பேச்சு என்று பழகிவிட்டவர்கள் நாம். அந்த மரியாதை நல்லதுதான். ஆனால் நாளாக ஆக அது தோலோடு ஒட்டிக்கொள்கிறது. குளத்தில் இறங்கும்போது அதைக் கரையிலேயே விட வேண்டியிருக்கிறது. இதை நான் வழிபாட்டின் ஒரு பகுதியாகவே எண்ணுகிறேன்.

சிங்கப்பூரின் கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, சுங்கை காடுட்டின் மரக்கிடங்குகளுக்கும் பட்டறைகளுக்கும் நடுவே அரசகேசரி சிவன் கோயில் இருக்கிறது. சில ஞாயிறுகளில் பயிற்சி முடிந்து ஈரம் காயாத தலையோடு அங்கே போவேன். சிவன் சந்நிதியில் நின்றால் திருநாவுக்கரசர் நினைவு வராமல் இருப்பதில்லை. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியும் அவர் மிதந்து கரைசேர்ந்த கதையை எல்லோரும் அறிவார்கள். கடலூர்ப் பக்கம் கரையேறவிட்ட குப்பம் என்று ஓர் ஊரே உண்டு. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. தருமசேனர் என்ற பெயரில் சமண சமயத்தில் தலைமை நிலைக்கு உயர்ந்தவர் அவர். சூலை நோயோடு தமக்கை திலகவதியாரிடம் வந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். அந்தப் புதிய வழியில் அவருக்கு வாய்த்த தோழர் சம்பந்தர், ஒரு சிறுபிள்ளை. திருப்பூந்துருத்திக்கு அந்தப் பிள்ளையின் பல்லக்கு வந்தபோது, கூட்டத்தோடு கூட்டமாகப் போய்த் தோள் கொடுத்தார். அப்பர் எங்கே என்று நாவுக்கரசரைத் தேடிச் சம்பந்தர் கேட்க, பல்லக்கின் அடியிலிருந்து பதில் வந்தது என்கிறது பெரிய புராணம். அவருக்கு அது தாழ்வாகப் படவில்லை. பெறற்கரிய பேறாகவே பட்டது.

"அங்கிள், மூச்சப் பிடிக்காதீங்க. தண்ணிக்குள்ளேயே விட்டுடுங்க" என்பார் எங்களுக்குச் சொல்லித்தரும் தம்பி. புதிதாக நீந்துகிறவருக்குப் பெரும்பாலும் இரைப்பது உள்ளே இருப்பதை வெளியேற்றாததால்தான். கரியமில வாயு சேரச் சேர உடம்பு பதறுகிறது. பதறினால் தலையைத் தூக்குகிறோம். தலை எழும்பினால் இடுப்பும் காலும் தாழ்கின்றன. முகத்தை நீருக்குள் வைத்து, குமிழி குமிழியாக மூச்சை முழுவதும் விட்டு, தலையைப் பக்கவாட்டில் சற்றே திருப்பினால் போதும், காற்று தானாக வந்து நிறைகிறது. திருமந்திரம் மூச்சை உள்ளிழுக்க 16 மாத்திரையும் வெளிவிட 32 மாத்திரையும் வகுத்திருக்கிறது. வாங்குவதைப் போல இருமடங்கு நேரம் விடுவதற்கு! படித்தபோது வெறும் கணக்காக இருந்தது, தண்ணீருக்குள் முகம் வைத்த பிறகுதான் நெஞ்சுக்குள் போனது. சம்பாத்தியம், பிள்ளைகளைப் பற்றிய கவலை, பழைய மனத்தாங்கல் என்று எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்தே பழகிய மார்புக்கு, விடுவது பெரிய பாடம்.

காலம் கடந்துவிட்டதே என்று தயங்குகிறவர்களிடம் கிராஞ்சி நீர்த்தேக்கத்தைப் போய்ப் பாருங்கள் என்பேன். கடல்நீர் ஏறி இறங்கிய கழிமுகம் அது. 1975இல் அணை எழுந்த பிறகு நன்னீரானது. இன்றும் அணையின் ஒரு பக்கம் ஜொகூர் நீரிணையின் உப்பு, மறுபக்கம் குடிநீருக்கான தேக்கம். மனிதரிலும் அப்படிப் பிந்தி மாறியவர் உண்டு. ஜப்பானின் மியேகோ நாகாவோகா, முழங்கால் வலிக்காக எண்பது வயதுக்கு மேல் குளத்தில் இறங்கியவர். 2015இல், தமது 100ஆம் வயதில், 1500 மீட்டரை நீந்தி முடித்தார். ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று.

‘மாஸ்டர்ஸ்’ எனப்படும் மூத்தோர் நீச்சலின் உலகப் போட்டிகளை 2025இல் சிங்கப்பூரே நடத்தியது. 25 வயது நிரம்பிய யாரும் அதில் சேரலாம். அதன் தொடர் நீச்சலில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. நால்வரின் வயதையும் கூட்டித்தான் பிரிவைத் தீர்மானிக்கிறார்கள்: 160 முதல் 199 வரை ஒன்று, 200 முதல் 239 வரை அடுத்தது. தடத்தில் கடைசியாக வருகிற பெரியவரின் ஆண்டுகளும் அங்கே அணியின் கணக்கில் சேர்கின்றன. அவர் சுவரைத் தொடும்வரை, எத்தனை வேகமானவராக இருந்தாலும், அடுத்தவரின் கால் மேடையை விட்டு எழக் கூடாது.