நோவுக்குச் சாட்சி யார்?

உடைந்த எலும்பைப் பிறருக்குக் காட்டலாம். நோவைக் காட்ட முடியாது. அனுபவிப்பவனின் சொல்லே அதற்குச் சாட்சி. தலையிலோ கழுத்திலோ அடிபட்டு, மாதங்கள் பல கழிந்த பின்னரும் நோவு நீங்காதோரின் நிலை இதுவே. காயம் ஆறிவிடுகிறது, எக்ஸ்றேப் படத்திற் பெரும்பாலும் குறையொன்றும் தென்படுவதில்லை. ஆயினும் தலையிடியும் கழுத்து நோவும் அவர்களின் உழைப்பையும் உறக்கத்தையும் பறித்துவிடுகின்றன. நாம் நம்ப வேண்டியது படத்தையா, மனிதனின் சொல்லையா? இது வைத்தியத்துக்கு மட்டுமன்றி அறத்துக்கும் உரிய வினாவாகும்.

இவ்வினாவிற் பணமும் அதிகாரமும் எவ்வாறு கலக்கின்றன என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து காட்டுகிறது. புகையிரத விபத்துக்களிற் பெருங்காயமின்றித் தப்பியோர் சிலர், பின்னர் முதுகு நோவு, தலையிடி, உறக்கமின்மை ஆகியவற்றால் வருந்தி நட்டஈடு கோரினர். முள்ளந்தண்டுக்கு ஏற்பட்ட அதிர்ச்சியே காரணமென 1866 இல் ஜோன் எரிக் எரிக்சன் எழுதினார். 1883 இல் ஹேர்பேட் பேஜ் அதனை மறுத்து, பலரிடத்து அச்சமே காரணம் என்றார். பேஜ், இலண்டன் வடமேற்குப் புகையிரதக் கம்பனியின் சத்திர வைத்தியர் என்பதை நாம் மறத்தலாகாது. அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எரிக்சன் கூறிய சேதத்துக்குப் போதிய சான்றும் இருக்கவில்லை. ஆனால் 'அச்சத்தால் வந்தது' என்பது 'பொய்' எனத் திரிக்கப்படுமிடத்து இலாபமடைவது யார்?

அச்சத்தால் வளரும் நோவும் மெய்யான நோவே. நோவுச் செய்திகள் முள்ளந்தண்டு வடத்திலேயே கூட்டவும் குறைக்கவும் படுகின்றன என்றும், மூளையும் அதில் தலையிடுகிறது என்றும் 1965 இல் மெல்சாக், வோல் ஆகிய இருவரும் விளக்கினர். நோவு பற்றிய ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020 இல் திருத்திய வரைவிலக்கணத்தின் குறிப்புக்கள், நோவுறுபவரின் சொல்லை மதித்தல் வேண்டும் என்கின்றன.

நடிப்போரும் உளரே எனச் சிலர் வாதிக்கலாம். உண்மைதான். ஆயின் ஒரு பொய்யனைப் பிடிப்பதற்காக மெய்யர் அனைவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீதியாகாது. மேலும், நம்புதல் என்பது ஆராயாதிருத்தல் அன்று. கைகால் பலவீனம் போன்ற ஆபத்தின் அறிகுறிகளை முதலிற் பரிசோதித்தல் வேண்டும். பத்துக்கு எத்தனை நோவு என்று கேட்பதோடு அமையாது, எவ்வேலை முடியவில்லை, உறக்கம் எப்படி, மனச்சோர்வு உண்டா என்றும் வினவுதல் வேண்டும். மாதத்திற் பதினைந்து நாட்களுக்கு மேலாகத் தொடர்ந்து விழுங்கும் சாதாரண நோவு மாத்திரைகளே தலையிடிக்குக் காரணமாகிவிடுவதும் உண்டு. நெடுநாட் படுக்கையைவிடப் படிப்படியான அசைவும் பயிற்சியுமே பெரும்பாலோருக்கு நன்மை தருவன.

எனினும், ஒரு நாள் வேலைக்குச் செல்லாவிடில் அன்றைய கூலியை இழக்கும் தொழிலாளிக்கு இப்புத்திமதிகளால் மட்டும் என்ன பயன்? பயிற்சிக்கு நேரமும், இலகுவான வேலையும், இடைக்கால ஊதியமும் அவனுக்குக் கிடைத்தல் வேண்டும். நோவை அளக்கும் கோல் வைத்தியரிடம் இருக்கலாம். அதனைத் தாங்கத்தக்கதாக்கும் பொறுப்போ சமுதாயம் முழுவதையும் சார்ந்தது. அப்பொறுப்பின் முதற்படி, நோவுறுபவன் பேசும்போது நாம் செவிகொடுத்துக் கேட்பதாகும்.