நிலத்தின் விலை யாருடைய உழைப்பு?

வளர்ந்துவரும் ஒரு நகரத்தில், தொழிலுக்கென ஒதுக்கிய நிலத்தைச் சில்லறை வணிகத்துக்குரியதாக மாற்றும் ஆணை பிறக்கிறது. மண் அதே மண். பரப்பும் அதே பரப்பு. ஆயினும் ஒரு கையொப்பத்தால் அதன் விலை பன்மடங்காகிறது. இந்த உயர்வு யாருக்கு உரியது? இது வெறும் பொருளியற் கணக்கன்று. நீதி பற்றிய வினா என்றே நாம் கருதுகிறோம்.

எம்பிலிப்பிட்டியவையே எடுத்துக்கொள்வோம். 1960களில் வலவை கங்கையை மறித்து உடவளவை நீர்த்தேக்கம் எழுந்திராவிட்டால், கால்வாய் வழியே நீர் பாய்ந்து குடியேற்றங்கள் பெருகியிராவிட்டால், இந்நகரின் கடைவீதி இன்றைய அளவுக்கு வளர்ந்திருக்குமா? அணையைக் கட்டியது பொதுப்பணம். கால்வாய் வெட்டியதும் வயல் திருத்தியதும் உழைப்பாளர் கரங்கள். சந்தியோரம் ஒரு துண்டு நிலத்தை வளைத்து வைத்திருந்தவர் செய்த தொண்டு, காத்திருந்தது ஒன்றே. வைக்கோலிலிருந்து கடதாசி செய்ய அரசு நிறுவிய ஆலையும் இங்கு உண்டு. அது நெடுங்காலம் மூடிக் கிடந்தது. மூடிய ஆலைகளின் நிலத்துக்கு என்ன நேரும் என்பதைப் பிற நகரங்கள் நமக்குக் காட்டியுள்ளன.

கொழும்பில் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்தது. 1933ஆம் ஆண்டு அங்கே நடந்த வேலைநிறுத்தத்துக்குக் கொல்வின் ஆர். டி சில்வா தலைமை தாங்கினார். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி பிறப்பதற்கு நிலத்தைப் பண்படுத்திய போராட்டங்களில் அதுவும் ஒன்று. இன்று அந்த ஆலை நிலத்தில் ஹவ்லொக் சிற்றியின் அடுக்குமாடிகளும் பேரங்காடியும் நிற்கின்றன.

பம்பாயின் கதை இன்னும் தெளிவானது. 1982இல் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதன்பின் ஆலைகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. ஆலை நிலம் வேறு பயனுக்கு மாறும்போது ஒரு பங்கு பொதுவெளிக்கு, ஒரு பங்கு பொது வீடமைப்புக்கு, எஞ்சியதே உரிமையாளருக்கு என 1991ஆம் ஆண்டு விதி கூறிற்று. 2001இல் அவ்விதி திருத்தப்பட்டது. கட்டடங்கள் நின்ற நிலத்தை விடுத்து, வெற்று நிலத்தை மட்டுமே பங்கிட்டாற் போதும் என்றாயிற்று. 2006இல் இந்திய உச்ச நீதிமன்றமும் திருத்தத்தை ஏற்றது. நெசவுப் பொறிகள் ஓசையிட்ட பீனிக்ஸ் ஆலையில் இன்று பேரங்காடி ஒளிர்கிறது. சட்டப்படி சரியானதெல்லாம் அறத்தின்படியும் சரியாகிவிடுமா?

ஆலையின் காலம் போய்விட்டது, கடைகளும் வேலை தருகின்றனவே என்று சிலர் கூறுவர். மாற்றமே கூடாதென்று நாம் வாதாடவில்லை. பயனற்றுக் கிடக்கும் நிலம் பயன்பட வேண்டியதே. ஆனால் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை வேறு. பொதுமக்களின் பெயரால் எடுக்கப்பட்ட ஒரு முடிவு ஈட்டித் தந்த ஆதாயத்தை முழுவதும் விழுங்கும் உரிமை வேறு. வீதி அமைக்க ஒருவரின் காணியைச் சுவீகரித்தால் அரசு அவருக்கு நட்டஈடு தருகிறது. பொது முடிவால் வரும் நட்டத்தைப் பொதுப்பணம் ஈடுசெய்வது நியாயமென்றால், பொது முடிவால் வரும் லாபம் மட்டும் தனியாருடையதாவது எந்த நியாயம்?

இது கனவு காண்போரின் பேச்சன்று. பிரித்தானியத் தொழிற்கட்சி அரசு 1947இல் இயற்றிய நகரத் திட்டச் சட்டம், இத்தகைய உயர்வு முழுவதையும் பொதுவுக்கே கோரியது. பின்வந்த பழைமைவாத அரசு அதைக் கைவிட்டது. முதலாளித்துவம் தழைத்த சிங்கப்பூரோ இன்றும் அவ்வுயர்வில் பங்கு கேட்டுப் பெறுகிறது. ஆகவே இதற்கு வழி இல்லாமலில்லை. வழியை நாடும் மனமும் அதை வற்புறுத்தும் மக்கள் பலமுமே வேண்டும்.

இறுதியாக ஒன்று. இதே இரத்தினபுரி மாவட்டத்தின் தோட்டங்களில், தலைமுறை தலைமுறையாய்க் காட்டை அழித்துக் கொழுந்தும் பாலும் எடுத்து நிலத்துக்கு விலை ஏற்றியவர்களில் பெரும்பாலோருக்குத் தாம் குடியிருக்கும் லயத்தறை மண்ணுக்குக்கூட உறுதிப்பத்திரம் இல்லை. காத்திருந்தவனுக்கு மதிப்புயர்வு முழுவதும், உழைத்தவனுக்கு ஒரு பிடி மண்ணும் இல்லை என்ற இந்தக் கணக்கை ஆசிரியர்களும் மாணவர்களும் வகுப்பறையிலேயே திருத்தத் தொடங்க வேண்டும். நகரத்தின் வரைபடத்தில் வண்ணம் மாறும் ஒவ்வொரு முறையும் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுதான்: இந்த மதிப்பை உண்டாக்கியவர் யார்?