உண்மையெல்லாம் ஊருக்கு உரியதா?

பொய் தீமையானது என்பதை நிறுவ நீண்ட வாதம் தேவையில்லை. மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்த நாள்முதல் எட்டாம் கட்டளையை நாம் அறிவோம். அதை மீறினால் என்ன நேரும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில், குலதெய்வக் கோயிலுக்குச் செல்லும் பொருட்டுச் சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டத்திற்கு வந்த ஒரு குடும்பத்தினரை, போளூரை அடுத்த அத்திமூரில் ஊரார் திரண்டு தாக்கினர். குழந்தை கடத்துவோர் நடமாடுகின்றனர் என்று கைபேசிகளில் பரவியிருந்த வதந்தியே காரணம். வழியில் கண்ட சிறுவர்களுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவர் அன்று அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு இந்தியாவின் பல மாநிலங்களில் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தபின், ஜூலை மாதத்தில் வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு நம் நாட்டில் வரம்பு விதித்தது.

இதுவரை எல்லாரும் உடன்படுவர். ஆயினும், இன்று தேநீர்க் கடையிலும் ஆலய வளாகத்திலும் கைபேசியிலும் நாம் இடைவிடாது நிகழ்த்தும் விவாதங்களில் பொய்யைவிடக் கடினமான கேள்வி ஒன்று மறைந்து நிற்கிறது. ஒரு செய்தி உண்மையாகவே இருந்தால், அதை ஊரறியச் சொல்ல எவருக்கும் உரிமை உண்டா? “நடந்ததைத்தானே சொன்னேன்” என்பது போதுமான விடையா?

செங்கற்பட்டுச் சிறையில் எழுதப்பட்ட நூல்

இக்கேள்விக்கு இந்திய நாட்டுச் சட்டம் தந்த முக்கியமான விடைகளுள் ஒன்று, நாம் வாழும் செங்கற்பட்டுடன் தொடர்புடையது என்பதை நம்மில் பலர் மறந்திருக்கலாம்.

1980களில் திருவான்மியூர் முதல் மாமல்லபுரம் வரையிலான கடலோரப் பகுதியில் சாராயக் கடத்தல் செழித்திருந்தது. அதில் ஆட்டோ ஓட்டிப் பிழைக்கத் தொடங்கி, பின்னர் கொடுங்குற்றங்களில் ஆழ்ந்தவர் ஆட்டோ சங்கர் என்று அழைக்கப்பட்ட கௌரி சங்கர். ஆறு கொலைகளுக்காகச் செங்கற்பட்டு அமர்வு நீதிமன்றம் 1991 மே 31 அன்று அவருக்கு மரண தண்டனை விதித்தது. அவ்வாண்டில் செங்கற்பட்டுக் கிளைச் சிறையில் இருந்தபோது அவர் தம் வாழ்க்கை வரலாற்றை ஏறத்தாழ 300 பக்கங்களில் எழுதினார் என்றும், அதை வெளியிடுமாறு கேட்டுக்கொண்டார் என்றும் நக்கீரன் இதழ் அறிவித்தது. உயர் அதிகாரிகள் சிலருக்கும் அவருக்கும் இருந்த நெருக்கத்தை அந்நூல் கூறுகிறது என்பதே பரபரப்புக்குக் காரணம்.

1994 ஜூன் மாதத்தில் சிறைத்துறைத் தலைவர் இதழுக்குக் கடிதம் எழுதினார். அந்நூல் கைதி எழுதியதன்று, அதை வெளியிடுவது சிறை விதிகளுக்கு முரணானது, வெளியிட்டால் நடவடிக்கை எடுக்கப்படும் என்பது அதன் சாரம். இதழின் ஆசிரியர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். நீதிபதிகள் ஜீவன் ரெட்டி, சுகாஸ் சென் ஆகியோர் 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பளித்தனர். அடுத்த ஏப்ரலில் ஆட்டோ சங்கர் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஆனால் அத்தீர்ப்பு நிலைத்துவிட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஆதாருக்கு எதிராக ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அறிவித்தபோது, அவர்கள் பின்பற்றிய வழியில் இத்தீர்ப்பும் ஒரு மைல்கல்லாக நின்றது.

1994ஆம் ஆண்டுத் தீர்ப்பு சொன்னவற்றை நம் மொழியில் சுருக்கிப் பார்ப்போம். தன்னை விட்டுவிடுமாறு கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. அவனது இல்லம், மணவாழ்வு, மக்கட்பேறு, பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றைப் பற்றி அவனது இசைவின்றி எவரும் வெளியிடலாகாது. சொல்லப்படுவது உண்மையா பொய்யா, புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பது இங்கே பொருட்டன்று. நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் இடம்பெற்ற செய்திக்கு இத்தடை இல்லை. எனினும் பாலியல் கொடுமை, கடத்தல் போன்றவற்றுக்கு ஆளான பெண்ணின் பெயரை, அது பொது ஆவணத்தில் இருப்பினும், பரப்பலாகாது. அரசு ஊழியரோ, தம் அலுவலில் செய்தவற்றைக் குறித்து அந்தரங்கம் என்னும் திரையை இழுத்துக்கொள்ள இயலாது. தங்களைப் பற்றி ஏதேனும் வெளிவந்துவிடும் என்று அஞ்சி அச்சிடுமுன்னரே தடுக்கவும் அதிகாரிகளுக்கு உரிமையில்லை.

இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆறு கொலைகளைச் செய்தவர் என்று நீதிமன்றம் முடிவு கண்ட மனிதரைப் பற்றிய வழக்கு அது. அவரைப் பற்றிப் பொது ஆவணங்கள் கூறுவதை எழுதலாம், அதைத் தாண்டி அவரது இசைவின்றி எழுதினால் அவரது அந்தரங்கத்தை மீறியதாகலாம் என்றனர் நீதிபதிகள். தூக்குக் கயிற்றுக்குக் காத்திருந்தவரிடமும் பிறர் நுழையக்கூடாத ஒரு அறை உண்டு என்று நாட்டின் உயர்ந்த மன்றம் ஏற்றது. அவரைவிடச் சிறிய தவறு செய்த நம் அண்டை வீட்டாருக்கு நாம் அவ்வளவேனும் தருகிறோமா?

இருவகை மறைவு

இத்தீர்ப்பின் அடியில் ஓர் அறநெறி இருக்கிறது. மறைவு இருவகைப்படும். வீட்டின் மறைவு ஒன்று. பதவியின் மறைவு மற்றொன்று. வீட்டுக் கதவை அடைத்துக்கொள்ளும் உரிமை வீட்டாருக்கு உரியது. அலுவலகக் கதவோ மக்கள் தந்த கதவு. அதற்குப் பின்னால் நடப்பதை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு. எளியவனைக் காக்கும் மறைவு நீதி. வலியவனைக் காக்கும் மறைவு பெரும்பாலும் அநீதி.

திருச்சபையின் அறநெறி மரபு இதை நெடுங்காலத்திற்கு முன்பே ஆய்ந்தது. பிறர்மீது பொய்யான குற்றம் சுமத்துவது அவதூறு. பிறரது உண்மையான குற்றத்தைத் தக்க காரணமின்றி வெளிப்படுத்துவது புறங்கூறல். இரண்டும் பாவமே. புறங்கூறல் களவைவிடக் கொடியது என்கிறார் புனித தாமஸ் அக்குவினாஸ். ஏனெனில் நற்பெயர் செல்வத்தினும் மேலானது. ஆனால் தேவையான ஒரு நன்மையின் பொருட்டு, சூழ்நிலைகளை உணர்ந்து சொல்லப்படும் சொல் புறங்கூறல் ஆகாது என்றும் அவர் விலக்குத் தருகிறார். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 220ஆம் எண், நற்பெயரையும் அந்தரங்கத்தையும் ஒருசேரக் காக்கிறது. நம் தமிழ் மரபிலோ வள்ளுவர் வாய்மைக்கு ஓர் அதிகாரமும் புறங்கூறாமைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். பொய் சொல்லாதிருப்பதோடு நாவின் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதை அவரும் அறிந்திருந்தார்.

“மறைக்க என்ன இருக்கிறது?”

இங்கே இரு மறுப்புகள் எழும். இரண்டும் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல.

முதலாவது: “அந்தரங்கம் என்பதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலான நம் கடலோரக் குப்பங்களில் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்கிறோம். எவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். நம் முன்னோர் எதை மறைத்தனர்?” இதில் உண்மை உண்டு. ஆனால் குப்பம் ஒரு மனிதனை முழுமையாக அறிந்திருந்தது. அவன் குடித்துவிட்டுச் சண்டையிட்டதை அறிந்தவர்கள், புயலில் அவன் பிறரைக் காப்பாற்றியதையும் அறிந்திருந்தார்கள். அடுப்பு எரியாததை அறிந்தவள் ஒரு சட்டி குழம்பை எடுத்துச் சென்றாள். அறிந்தவருக்குப் பொறுப்பும் இருந்தது. காலப்போக்கில் ஊர் மறக்கவும் செய்தது. கைபேசியில் பரவும் செய்தியோ மனிதனின் ஒரே ஒரு கணத்தை மட்டும் வெட்டியெடுத்து, அவனை ஒருநாளும் கண்டிராத ஆயிரம் பேரிடம் சேர்க்கிறது. அவர்களுள் ஒருவரும் குழம்பு கொண்டுவரப் போவதில்லை. அந்தப் படம் மறக்கப் போவதுமில்லை.

இரண்டாவது மறுப்பு: “தவறு செய்யாதவன் ஏன் அஞ்ச வேண்டும்?” கடன் பட்டவன் தவறு செய்தவனா? வலைக்கும் எஞ்சினுக்கும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்திற்கும் கடன் வாங்காத வீடுகள் நம் பகுதியில் எத்தனை? கைபேசிச் செயலிகள் வழியாகச் சிறுகடன் தந்த சில நிறுவனங்கள், கடன் வாங்கியவரின் கைபேசியிலிருந்த தொடர்பு எண்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, தவணை தவறியதும் உற்றார் உறவினர் அனைவருக்கும் செய்தி அனுப்பி இழிவுபடுத்தின. நாட்டின் பல பகுதிகளில் இந்த அவமானம் தாளாது உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் உண்டு. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக்கூடாது என்று விதித்தது. அச்செய்திகளில் பொய்யும் இருந்தது. ஆனால் “இவர் கடன்பட்டிருக்கிறார்” என்பது உண்மைதானே? அந்த உண்மையே கயிறாகியது. நோய், கடன், பழைய துயரம், மனம் வருந்தித் திருந்திய பிழை என எந்த மனிதனிடமும் பிறர் பார்வைக்கு உரியதல்லாத ஒன்று இருக்கவே செய்யும். ஒப்புரவு அருட்சாதனம் ஏன் இரகசியத்தின்மீது எழுப்பப்பட்டுள்ளது? வெளிச்சம் போட்டு வளைத்துக்கொண்டால் மனிதன் தன்னைக் காத்துக்கொள்ள முயல்வானேயன்றி மனம் திரும்ப முயலமாட்டான்.

தலைகீழாகும் நீதி

நம் காலத்தின் துயரம், மேற்சொன்ன இருவகை மறைவும் இடம் மாறிவருவதே. வீட்டின் மறைவு கிழிக்கப்படுகிறது. பதவியின் மறைவு தடிக்கிறது.

2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அவர் துணிந்து முறையிட்டார். ஆனால் அவரது விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை இணையத்தில் வெளியாகி, கைபேசிக்குக் கைபேசி பரவிற்று. கணினி அமைப்பில் நேர்ந்த கோளாறு என்று விளக்கம் தரப்பட்டது. டிசம்பர் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அம்மாணவிக்கு 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்குமாறு அரசுக்கு ஆணையிட்டது. ஆவணத்தில் இருப்பினும் பெண்ணின் பெயர் வெளிவரலாகாது என்று 1994இலேயே சொல்லப்பட்டது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவோருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறை என்று சட்டமும் கூறுகிறது. கோளாறு கணினியில் நேர்ந்திருக்கலாம். அதைத் திறந்து, படித்து, அடுத்தவருக்கு அனுப்பிய விரல்கள் மனித விரல்கள் அல்லவா? அவர்களுள் பலர் அந்தப் பெண்ணுக்காகக் கொதித்தவர்கள். அரசியல் வாதத்தில் தம் பக்கத்திற்குச் சான்று தேடியவர்கள். நீதிக்காகப் பேசுகிறோம் என்ற எண்ணத்திலேயே அநீதி செய்ய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமோ?

மறுபுறம் பாருங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தனிமனிதத் தகவல்களுக்கு விலக்களித்தது. ஆனால் பொதுச் செயல்பாட்டோடு தொடர்புடையவற்றுக்கும் பொதுநலன் கோருபவற்றுக்கும் அதே பிரிவில் வழி விட்டிருந்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வரம்புச் சொற்களை அகற்றிற்று. 2025 நவம்பரில் அத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பொதுநலன் கருதித் தகவல் தர வேறோர் உட்பிரிவு இன்னும் இடமளிக்கிறது என்பது அரசின் வாதம். அது மெய்யே. எனினும், தர மனமில்லாத அலுவலருக்கு “இது தனிப்பட்ட தகவல்” என்ற ஒரு சொல் இப்போது எளிதில் கைக்கெட்டும். ஏழையைக் காக்கப் பிறந்த சொல் அலுவலக மேசையைக் காக்கும் திரையாகிவிடுமோ என்று கேட்பது குடிமக்களின் கடமை.

நாட்டுக்குச் சொல்வது நமக்கும் பொருந்தும். திருச்சபையிலும் சிறாருக்கு எதிரான கொடுமைகள், நிறுவனத்தின் நற்பெயர் என்ற காரணத்தால் பல நாடுகளில் மறைக்கப்பட்டன. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பரில், அத்தகைய வழக்குகளைப் பாப்பிறை இரகசியத்தின் கட்டிலிருந்து விலக்கினார். பாவசங்கீர்த்தன முத்திரையை அவர் தொடவில்லை. மனச்சான்றின் மறைவு வேறு, அதிகாரத்தின் மறைவு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் அரிது.

சொல்லுமுன்

அப்படியானால் நாம் என்ன செய்வது? வாய்மூடி இருப்பதா? இல்லை. தவறு செய்த சகோதரனிடம் முதலில் தனியே பேசவும், கேளாவிடில் ஓரிருவருடன் செல்லவும், அதன்பின்னரே சபையில் உரைக்கவும் ஆண்டவர் கற்பித்தார் (மத் 18:15-17). சபைக்குச் சொல்லும் படியும் அதில் உண்டு. ஆனால் அது முதற்படி அன்று. நாமோ கடைசிப் படியில் ஏறி நின்றுகொண்டு தொடங்குகிறோம். சம்பந்தப்பட்டவருக்கோ செய்தி இறுதியில்தான் எட்டுகிறது.

எனவே ஒரு செய்தி கைக்கு வரும்போது “இது உண்மையா?” என்று கேட்டபின் வேறு மூன்றையும் கேட்போம். இது எவருடைய செய்தி: வீட்டுக்குரியதா, பதவிக்குரியதா? யாரிடம் சொன்னால் தீமை நீங்கும்: காவல் நிலையத்திலா, பள்ளித் தலைமையாசிரியரிடமா, அல்லது ஒருவரும் எதுவும் செய்ய இயலாத முந்நூறு பேர் குழுவிலா? சொன்னபின் தீங்கு நேர்ந்தால் நம்மால் ஈடுசெய்ய முடியுமா?

கடைசிக் கேள்வியே கடினமானது. திருடியவன் பொருளைத் திருப்பித் தரலாம். பொய் சொன்னவன் “நான் சொன்னது பொய்” என்று அறிவிக்கலாம். உண்மையைச் சொல்லி ஒருவரது பெயரைக் கெடுத்தவன் என்ன சொல்வான்? அது பொய் என்று சொல்லவும் அவனுக்கு உரிமையில்லை. அநியாயமாக அவரை இழிவுபடுத்திவிட்டேன் என்று அறிக்கையிடுவதையே அக்குவினாஸ் பரிகாரமாகக் காட்டுகிறார். பத்துப் பேர் கேட்ட சொல்லுக்கு அது இயலும். பத்தாயிரம் கைபேசிகளுக்குச் சென்ற சொல்லைத் தேடிச்சென்று அவ்வாறு அறிக்கையிட எவரால் இயலும்? இயலாது என்பது தெரிந்திருப்பதால், அனுப்பும் முன்னரே நின்று சிந்திக்கும் கடன் நமக்கு இருக்கிறது. அந்தப் படத்தில் இருப்பவருக்கும் ஒரு தாய் உண்டு, ஒரு தெரு உண்டு, நாளை காலை அவர் கடந்து செல்ல வேண்டிய ஒரு கடைவாசல் உண்டு.