பிடித்தம் இல்லாதவர்கள்

மாசம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவரா நீங்கள்? சம்பளச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவிகிதம் பி.எஃப். பிடித்திருப்பார்கள். நிர்வாகமும் தன் பங்குக்கு அதே அளவு போடவேண்டும். பிடித்த பணம் உங்கள் கைக்கே வருவதில்லை. கைக்கு வராததை எப்படிச் செலவழிப்பது? ஆக, உங்கள் முதுமைக்குச் சேர்ந்திருப்பதில் உங்கள் ஒழுக்கத்தின் பங்கு எவ்வளவு? கொஞ்சம் சங்கடமான கேள்விதான்!

இப்போது தெருமுனை டெய்லரிடம் வருவோம். தீபாவளிக்கு ராப்பகலாக மெஷின் மிதிப்பார். ஜூனில் ஸ்கூல் யூனிஃபார்ம். ஆடி மாசம்? ஈ ஓட்டவேண்டியதுதான்.

அவருக்கும் அரசு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2015-ல் வந்த அடல் பென்ஷன் திட்டம். வருமானவரி கட்டாதவர்கள் 18 வயதிலிருந்து 40 வயதுக்குள் சேரலாம். 60 வயதானதும் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை பென்ஷன். 5,000 வேண்டுமென்றால் 18 வயதில் சேருகிறவர் மாதம் 210 ரூபாய் கட்டவேண்டும். 40 வயதில் முழித்துக்கொண்டவருக்கு 1,454 ரூபாய்.

''கட்டவேண்டியதுதானே? டீக்கும் சிகரெட்டுக்கும் மட்டும் காசு இருக்குல்ல?'' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த 1,454 ரூபாய் அவர் கைக்கு வந்துவிட்ட பணம். அதே வாரம் மகளுக்கு டியூஷன் ஃபீஸ், கடை வாடகை. கண்ணெதிரே நிற்கிற குழந்தையிடம் 'இல்லம்மா' என்று சொல்லிவிட்டு, இருபது வருஷம் கழித்து வரப்போகிற யாரோ ஒரு கிழவருக்குப் பணம் போடவேண்டும். கிழவர் அவரேதான். ஆனாலும் முகம் தெரியாதவர். இந்தப் பரீட்சையை மாசாமாசம் நமக்கு வைத்தால், எத்தனை பேர் பாஸாவோம்?

போதாக்குறைக்கு, அரசு உத்தரவாதம் தரும் அந்த 5,000 விலைவாசியோடு சேர்ந்து ஏறாது. இன்று 18 வயதில் சேருகிறவர் 42 வருஷம் கழித்து அதில் எத்தனை கிலோ அரிசி வாங்குவார்?

அதனால் கட்டவேண்டாம் என்கிறேனா? இல்லை, கட்டத்தான் வேண்டும். ''பிள்ளைங்கதான் சார் என் பென்ஷன்'' என்கிறவர், மகள் இன்னும் வாங்காத சம்பளத்தில் இப்போதே ஒரு பிடித்தம் போட்டுவிடுகிறார். அவளிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

ஆனால், நிர்வாகத்தின் பங்கு என்று ஒன்று உங்களுக்கு விழுகிறதே... டெய்லருக்கு நிர்வாகம் யார்? அளவு கொடுத்துவிட்டு வருகிற நீங்களும் நானும்தான். போன தீபாவளிக்கு நம் பங்காக, பேரம் பேசித் தையற்கூலியில் இருபது ரூபாய் குறைத்தோம்.