முழந்தாள் மடங்காதவர்களுக்கு



மல்லாட்டை (நிலக்கடலை) ஆய்கிற காலத்தில் திண்டிவனம் பக்கத்து ஊர்களில் காலையில் குவியல் முன்னால் குத்துக்காலிட்டு உட்காரும் பெண்கள், வெயில் சாயும்போதுதான் எழுகிறார்கள். எழும்போது பாருங்கள். ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் முழங்காலைப் பிடித்து, நிமிர்வதற்கு முன் கொஞ்ச நேரம் குனிந்தபடியே நிற்பார்கள். நடவு வயலிலும் இதே கதைதான். விழுப்புரம் ஜங்ஷனில் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் சித்தாள் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இடுப்பு வலி. கேட்டால், "வயசாயிடுச்சு சாமி, வாயுதான்" என்பார்கள். சொல்கிறவருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது.

லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில், 18 ஆண்டுகள் கூன் விழுந்து கிடந்த ஒரு பெண்ணைப் பார்க்கிறோம். தொழுகைக்கூடத்துக்கு வந்தவர், ஆண்டவரிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனவராக இருக்கலாம். இயேசுதான் அவரைக் கண்டார், கூப்பிட்டார், கை வைத்தார். ஓய்வுநாளில் குணமாக்கலாமா என்று கோபித்தவர்களிடம், ஓய்வுநாளில் உங்கள் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்ட ஓட்டிப் போவதில்லையா என்று கேட்டார். அந்தக் கேள்வி நமக்கும்தான். நம் வீட்டு மாடு கால் தாங்கி நடந்தால் பொழுது சாய்வதற்குள் மாட்டு டாக்டருக்குச் சொல்லிவிடுகிறோம். அம்மா கால் தாங்கி நடக்கத் தொடங்கி எத்தனை வருடம் ஆகிறது?

சிலர் பக்தியோடு, "இது ஆண்டவர் கொடுத்த சிலுவை" என்கிறார்கள். பிள்ளைகளே, தீராத வேதனையை அவருடைய பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுப்பது பெரிய காரியம். ஆனால் தீர்க்கக்கூடிய வலியைத் தாங்கிக்கொண்டே இரு என்று நம் ஆண்டவர் யாரிடமும் சொன்னதில்லை. மருத்துவரை மதிக்கச் சொல்கிறது சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம். மருந்தையும் ஆண்டவரே மண்ணிலிருந்து படைத்தார் என்கிறது. மருத்துவமனைக்குப் போவது விசுவாசக் குறைவு ஆகாது.

மூட்டு வலி எல்லாம் ஒன்றல்ல. உட்கார்ந்து எழும்போதும் படியேறும்போதும் முழங்கால் வலித்து, ஓய்வெடுத்தால் குறைகிறதென்றால் பெரும்பாலும் அது தேய்மானம். காலையில் எழுந்ததும் இரண்டு கை விரல்களும் இறுகிப்போய், அரை மணி, ஒரு மணி நேரம் ஆகியும் சொம்பைப் பிடிக்க முடியவில்லை, விரல் கணுக்கள் வீங்கியிருக்கின்றன என்றால் அது முடக்குவாதமாக இருக்கலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம், இளவயதிலும் வரும். அதைத் தைலம் தேய்த்துத் தள்ளிப்போடாதீர்கள். முதல் சில மாதங்களிலேயே சிகிச்சையைத் தொடங்கினால் விரல் கோணாமல் காப்பாற்ற முடியும். கால் பெருவிரல் ஒரே இரவில் சிவந்து, போர்வை பட்டாலே துடிக்கிறதா? அது யூரிக் அமிலம் செய்கிற வேலையாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகி, சட்டைக்குள் கை நுழைக்க முடியாமல் போவதும் உண்டு. 2006ஆம் ஆண்டு சிக்குன்குனியா தமிழ்நாட்டையே படுக்கப்போட்டது நினைவிருக்கும். காய்ச்சல் போன பிறகும் பல மாதம் மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் உங்களிலேயே இருப்பார்கள்.

வலிக்கிற காலை அசைக்காமல் வைத்திருப்பதுதான் நல்லது என்று நினைக்கிறோம். மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கிற நீர்தான் அதற்குச் சாப்பாடு, நாம் அசைந்தால்தான் அது போய்ச் சேரும். ஓட்டாமல் போட்ட போர் மோட்டார் மாதிரிதான், சும்மா வைத்தால் இறுகிவிடும். அதனால் ஒன்று செய்து பாருங்கள். சாயங்காலம் ஜெபமாலை சொல்லும்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு காலை முன்னால் நீட்டி, பாதத்தை உங்கள் பக்கம் மடக்கி, தொடையை இறுக்கிப் பிடியுங்கள். ஓர் 'அருள் நிறைந்த மரியே' முடியும்வரை அப்படியே வைத்திருந்து இறக்குங்கள். அடுத்த மணிக்கு அடுத்த கால். தொடைச் சதை பலப்பட்டால் முழங்காலுக்குச் சுமை குறையும். ஜெபமாலையைத் தேகப்பயிற்சி ஆக்குகிறாரே சாமியார் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. மாதா கோபித்துக்கொள்ள மாட்டார். உடல் பருத்தவர்கள் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் தாங்குகிற சுமையில் ஏறக்குறைய நான்கு கிலோ குறையும்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பெயர் இல்லாத பொட்டலத்தில் தரும் மாத்திரையைப் போட்டதும் மறுநாளே வலி பறந்துவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். நாளடைவில் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, டாக்டரிடம் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் சூடாக வீங்கினாலோ, இடுப்பு வலியோடு கால் பலமிழந்து சிறுநீர் தன்னை அறியாமல் போனாலோ, இடது தோள் வலியோடு வியர்த்து மூச்சு முட்டினாலோ, சுளுக்கு எடுப்பவரைத் தேட வேண்டாம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

மற்ற வலிகளுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, திண்டிவனத்திலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. நடக்கவே முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. உங்கள் ஊர் செவிலியரிடம் கேளுங்கள். மகன்களே, மருமகள்களே, கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடி பதிக்க எவ்வளவு ஆகிவிடும்? கொத்தனாரைக் கூப்பிட்டால் அரைநாள் வேலை. மாமியார்மாரே, முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மருமகளைச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக, உங்களில் பலர் பாவசங்கீர்த்தனத்திலேயே வந்து சொல்கிறீர்கள்: "எழுந்தேற்றத்தின்போது முழந்தாளிட முடியல சாமி." அது பாவம் இல்லை, அம்மா. உடல்நலம் தடுத்தால் முழந்தாளிட வேண்டியதில்லை என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை 43ஆம் எண்ணிலேயே இருக்கிறது. குரு முழந்தாளிட்டு வணங்கும்போது, நிற்கிறவர்கள் தாழ்ந்து வணங்கினால் போதும். அதுவும் முடியாதவர்கள் தலை குனியுங்கள். திருத்தந்தை பிரான்சிஸ் முழங்கால் வலியால் 2022 மே மாதம் சக்கர நாற்காலியில் மக்கள்முன் வந்தார். அதிலேயே அமர்ந்து உலகத்தை ஆசீர்வதித்தார். யாக்கோபும் ஆண்டவரின் ஆசீரைப் பெற்றுக்கொண்டு நொண்டியபடிதான் பெனியேலைக் கடந்தார்.

அடுத்த ஞாயிறு முதல் பாய்க்குப் பக்கத்தில் நாற்காலிகள் போடச் சொல்லியிருக்கிறேன். கூச்சப்படாமல் உட்காருங்கள். நற்கருணை வாங்க வரிசையில் நிற்க வேண்டாம், நான் உங்களிடம் வருகிறேன். கோவிலுக்கு வரவே முடியாமல் வீட்டில் இருப்பவர்களின் பெயரை இன்று பூசை முடிந்ததும் உபதேசியாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். முதல் வெள்ளிக்கிழமை நற்கருணையோடும் நோயில்பூசுதல் எண்ணெயோடும் வருவேன். எனக்காக அவர்களை எழுப்பி உட்கார வைக்காதீர்கள், படுத்தபடியே இருக்கட்டும்.